சல்லியில் ஊசி போடாத ஊசிக்காரர்

"கையை எடுங்கோ மகள்!"

எடுத்துவிட்டேன். பிரிட்ஜ் கதவு ஒரு விரல் அகலம்தான் திறந்திருந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்கும் ஆசை, வேறொன்றுமில்லை. ஐயா கதவைச் சாத்திவிட்டு, அதில் ஒட்டியிருந்த தாளைத் தட்டிக் காட்டினார். காலை, மாலை என்று இரண்டு நிரல். ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் இலக்கம், பக்கத்தில் ஒரு குட்டிக் கையெழுத்து. 4, 5, 4, 6, 5. மாதம் முழுக்க இப்படியே.

"இது என்ன ஐயா, பிரிட்ஜுக்குக் காய்ச்சல் பார்க்கிறீங்களா?"

"ஓம். அதுக்குக் காய்ச்சலும் வரக்கூடாது, குளிரும் பிடிக்கக்கூடாது."

சின்ன வயதிலிருந்தே எனக்கு ஒரு கிறுக்கு. பாமசிக்குப் போனால் கவுண்டருக்கு அந்தப் பக்கம் போய்விட வேண்டும். அந்த இராக்கைகள், நூறு லாச்சிகள், கிறுக்கெழுத்துத் துண்டை ஒரு பார்வையில் படித்துவிடும் அந்தக் கண்கள். அந்தப் பக்கம் போக எனக்கு முப்பது வருடம் எடுத்தது. போன வேகத்திலேயே ஏச்சும் வாங்கியாயிற்று. சந்தோஷம் தாங்கவில்லை!

இடம், சல்லிக்குத் திரும்பும் வழியில் ஒரு சின்ன பாமசி. திருகோணமலை நகரிலிருந்து நிலாவெளி வீதியால் வடக்கே வந்து, சாம்பல்தீவுப் பக்கம் கடற்கரைக்கு இறங்கினால் சல்லி. வள்ளமும் வலையும் கருவாட்டு மணமுமாக ஒரு கரை. கரையோரம் முத்துமாரி அம்மன். திருகோணமலைக்காரருக்கு "சல்லி அம்மன்" என்றாலே போதும், மேற்கொண்டு முகவரி வேண்டியதில்லை. ஐயா முன்பு அரசாங்க மருந்துக் களஞ்சியம் ஒன்றில் மருந்தாளராக இருந்தவர். ஓய்வு பெற்றபின் இங்கே கவுண்டருக்குப் பின்னால் ஒரு வாங்கைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். பெயர் போட வேண்டாம் என்பது அவருடைய முதல் நிபந்தனை. பிரிட்ஜில் கை வைக்கக் கூடாது என்பது இரண்டாவது. அதைக் கொஞ்சம் முந்தியே சொல்லியிருக்கலாம்.

நான் போனது தடுப்பூசியில் பாமசிக்காரருக்கு என்ன வேலை என்று பார்க்க. இலங்கையில் மருந்தாளர் ஊசி போடுவதில்லை. சட்டமும் பயிற்சியும் அப்படி. பிள்ளைகளுக்கு ஊசி போடுவது சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை நடத்தும் கிளினிக்கில். அங்கே டொக்டர், மிஸ்ஸி, மிட்வைஃப் அக்கா. பிறகு பாமசிக்காரருக்கு இதில் என்ன அலுவல்? ஐயாவிடம் நேராகவே கேட்டேன். அவர் எழும்பிப் போய்ப் பின்னறையிலிருந்து இரண்டு சின்னக் குப்பிகளை எடுத்து வந்தார்.

இரண்டும் எப்போதோ காலாவதியானவை. வேலைக் காலத்தில் புதிதாக வரும் பொடியளுக்குப் படிப்பிக்க வைத்திருந்தவையாம். ஒரே மருந்து, ஒரே கொம்பனி, ஒரே தொகுதி இலக்கம். இரண்டிலும் பால் கலந்த தண்ணீர் போல ஒரு திரவம்.

"ஒண்டை நேற்று ராத்திரி ஐஸ்பெட்டிக்குள்ள வைச்சுக் கல்லாக்கி, இண்டைக்கு உருக விட்டனான். மற்றது ஐஸைக் கண்டதேயில்லை. எது எது எண்டு சொல்லுங்கோ பாப்பம்."

பார்த்தேன். இரட்டைப் பிள்ளைகள்! ஒரு வித்தியாசமும் இல்லை. ஐயா இரண்டையும் ஒரே கையில் பிடித்துப் பத்துப் பதினைந்து செக்கன் குலுக்கினார். மேசையில் பக்கம் பக்கமாக வைத்தார். "இனிப் பாருங்கோ."

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. ஒரு பெண் வந்து இருமல் பாணி வாங்கிப் போனாள். ஒரு ஓட்டோக்காரத் தம்பி இரண்டு பனடோல் கார்ட் கேட்டான். திரும்பிப் பார்க்கிறேன், இடது குப்பியில் பனி இறங்கிக்கொண்டிருந்தது. சத்தியமாக! மேலே தண்ணீர் தெளிந்து வர, சின்னச் சின்னச் செதில்கள் ஆடி ஆடிக் கீழே போய் வண்டலாகப் படிகின்றன. வலது குப்பி இன்னும் அதே பால்வெள்ளை, அசையாமல். நான் மேசையோடு மூக்கை ஒட்டிக்கொண்டு அரை மணித்தியாலம் பார்த்தேன். சினிமாவில்கூட இவ்வளவு நேரம் கண் சிமிட்டாமல் இருந்ததில்லை.

குலுக்கிப் பார்க்கிற இந்தச் சோதனையை உலகம் முழுக்கத் தடுப்பூசிக் களஞ்சியங்களில் செய்கிறார்கள். ஐயா விளக்கம் சொன்னார். ஐந்து நோய்க்கு ஒன்றாகப் போடும் ஊசி (தொண்டைக்கரப்பன், குக்கல், ஏற்புவலி, ஈரலழற்சி பி, ஹிப்), தனியாகப் போடும் ஏற்புவலி ஊசி, இவற்றில் மருந்தைப் பிடித்து வைத்திருக்க அலுமினிய உப்பு ஒன்று கலந்திருக்கிறார்கள். உறைந்தால் அந்தப் பிடி விட்டுவிடும். உப்பு கட்டிகட்டியாகிக் கனத்து அடியில் இறங்கும். பிறகு எத்தனை தரம் குலுக்கினாலும் பழையபடி ஆகாது. போட்டால் பிள்ளைக்கு ஊசி வலி மட்டும் மிச்சம்.

சல்லியில் இதைச் சொல்லி விளங்கப்படுத்துவது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள். ஐஸ் என்றால் இந்தக் கரைக்குத் தெரியாத ஐஸா? விடியற்காலையில் வள்ளம் கரை தட்டியதும் மீனை றெஜிபோம் பெட்டியில் போட்டு, மேலே ஐஸ், கீழே ஐஸ், இடையில் ஐஸ். எவ்வளவு கூடப் போடுகிறோமோ அவ்வளவுக்கு விலை நிற்கும். அப்படியான ஊரில் வந்து, "இந்தப் பெட்டிக்குள்ள வைக்கிற ஐஸை முதலில் வெளியில வைச்சுக் கொஞ்சம் உருக விடோணும்" என்றால் ஆர் நம்புவார்? ஆனால் முறை அதுதான். கிளினிக்குக்குக் கொண்டு போகும் பெட்டியில் வைக்கிற ஐஸ் பொதிகளை, காதருகே பிடித்து ஆட்டினால் உள்ளே தண்ணீர்ச் சத்தம் கேட்கும் வரைக்கும் வெளியே வைக்க வேண்டும். கல்லாகவே உள்ளே போட்டால் பக்கத்தில் இருக்கும் குப்பி உறைந்துவிடும். இரண்டு முதல் எட்டுப் பாகை வரை, அந்த ஆறு பாகைக்குள்ளேதான் முழு விளையாட்டும்.

"மீனுக்கு ஐஸ் கூடினா லாபம். இதுக்கு ஐஸ் கூடினா மண்" என்று ஒரு மீன் முதலாளியிடம் ஐயா ஒருமுறை சொன்னாராம். அவர், "அப்ப இது மீனை விடப் பவுத்திரமான சாமானோ?" என்றாராம்.

இங்கே என்னுடைய மானத்தைக் கொஞ்சம் வாங்கிக்கொள்கிறேன். சில வருடங்களுக்கு முன்னால் நகரத்தில் ஒரு பாமசியில் டொக்டரின் துண்டைக் காட்டி என் அம்மாவுக்கு இன்ஃபுளுவென்சா தடுப்பூசி வாங்கினேன். அங்கே பக்குவமாகச் சுற்றித்தான் தந்தார்கள். நான்தான் கெட்டிக்காரி ஆயிற்றே! வெயில் கொளுத்துகிறது என்று, வழியில் குளிர்பானக் கடையில் ஐஸ் கட்டி வாங்கி, சுற்றியிருந்ததைப் பிரித்து, ஊசியை ஐஸுக்கு நடுவில் புதைத்து, சாப்பாட்டுப் பையில் வைத்து டொக்டரிடம் கொண்டு போனேன். பாரை மீனுக்குக்கூட அப்படி மரியாதை நடந்திராது. டொக்டர் எடுத்துப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "இதைப் போடேலாது" என்றார். காசும் போயிற்று, அம்மாவிடம் ஏச்சும் கிடைத்தது. அந்தக் கதையைச் சொன்னதும் ஐயா சிரித்த சிரிப்பில் தராசுத் தட்டு ஆடியது.

சரி, சல்லிப் பிள்ளையின் தொடைக்குள் போகும் மருந்து எங்கிருந்து வருகிறது? கொழும்பில் தொற்றுநோயியல் பிரிவின் மத்திய தடுப்பூசிக் களஞ்சியம். அங்கிருந்து ஏறத்தாழ 260 கிலோமீற்றர் குளிர் வாகனத்தில் திருகோணமலை, பிராந்திய மருந்து விநியோகப் பிரிவின் குளிரறைக்கு. அங்கே கணக்கும் பொறுப்பும் மருந்தாளர் கையில். முதலில் காலாவதியாகும் தொகுதி முதலில் வெளியே போக வேண்டும். எந்தப் பணிமனைக்கு எத்தனை குப்பி, போன மாதம் எத்தனை பாவித்தார்கள், எத்தனை வீணானது, எல்லாம் பதிவில். பிறகு சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை. கிளினிக் நாளன்று தோளில் தொங்கும் பெட்டியில் மிட்வைஃப் அக்காவோடு ஊருக்குள். ஐயாவின் வேலை இந்தச் சங்கிலியின் நடுவில் ஒரு கண்ணி. அதை அவர் பெருமையாகச் சொல்லவில்லை. "வெறும் காவல். வேற என்ன" என்றார்.

ஆனால் நான் பெருமைப்படுவேன். 2022 மார்ச் முடிவில் நாட்டில் ஒரு நாளைக்குப் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. டீசலுக்கு வரிசை. அந்த நாட்களில் குளிரறைக் காவல் என்றால் என்ன என்று நினைத்துப் பாருங்கள். தடுப்பூசிக்கென்றே செய்த பிரிட்ஜுகளில் சுவருக்குள் ஐஸ் அடுக்கு இருக்கும். கரண்ட் போனாலும் மணிக்கணக்காகக் குளிர் நிற்கும், கதவைத் திறக்காமல் இருந்தால். திறக்காமல் இருந்தால்! என்னை ஏன் ஏசினார் என்று அப்போதுதான் விளங்கியது. இப்போது இவருடைய பாமசிப் பிரிட்ஜில் இருப்பது பெரும்பாலும் இன்சுலின். இருந்தாலும் பழக்கம் போகவில்லை. அடித்தட்டில் மரக்கறி வைக்கும் இடத்தில் தண்ணீர் நிரப்பிய போத்தல்கள் வரிசையாக, குளிரைப் பிடித்து வைக்க. கதவுத் தட்டில் ஒன்றுமே இல்லை, அங்கேதான் சூடு கூடும். சோடா இல்லை, சாப்பாட்டுப் பார்சல் இல்லை. பாமசியில் வேலை செய்யும் தங்கச்சி தன் தயிர்ச் சட்டியைப் பக்கத்துக் கடையில் கொடுத்து வைக்கிறாள், பாவம்.

ஆசியாவின் இந்தப் பக்கத்துக்குத் தடுப்பூசி வந்த கதையும் குளிர்ச் சங்கிலிக் கதைதான், குளிர் மட்டும் இல்லை. 1802 யூன் 14இல் பம்பாயில் அன்னா டஸ்ட்ஹால் என்ற மூன்று வயதுப் பிள்ளைக்குப் பெரியம்மைக்கான பசு அம்மைப் பால் குத்தினார்கள். அந்தப் பிள்ளையின் கையில் எழுந்த கொப்புளத்திலிருந்து அடுத்த பிள்ளைக்கு, அதிலிருந்து அடுத்ததுக்கு. அதே 1802இல் இலங்கையிலும் அம்மைப்பால் குத்தத் தொடங்கிவிட்டார்கள். பிரிட்ஜ் இல்லாத உலகில் பிள்ளைகளின் கைகளே பெட்டி. இதைச் சொன்னபோது ஐயாவின் கண் விரிந்தது. இவ்வளவு தெரிந்த மனிதருக்கு நான் ஒன்று சொல்லிவிட்டேன்! அன்றைக்கு முழுக்க அந்த மிதப்பிலேயே திரிந்தேன்.

அடுத்த நாள் கிளினிக். போய் ஒரு ஓரமாக நின்றேன். முற்றத்தில் தாய்மார் வரிசை, மடியில் பிள்ளைகள், கையில் கிளினிக் கொப்பி. உள்ளே மேசைமேல் பெட்டி, மூடியின் கீழே ஒரு ஸ்பொஞ்சுத் தட்டு, அந்தத் தட்டின் வெட்டுகளில் திறந்த குப்பிகள் தலையை நீட்டிக்கொண்டு நிற்கின்றன. குப்பி ஒன்றின் லேபலில் ஒரு வட்டம், வட்டத்துக்குள் ஒரு சதுரம். இதை நான் அச்சடித்த அலங்காரம் என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். மிட்வைஃப் அக்கா சொன்னா: சதுரம் வெளிறி இருந்தால் நல்லது. வெப்பம் பட்டுப் பட்டுச் சதுரம் கறுத்துக்கொண்டு வரும். வட்டத்தின் நிறத்தை எட்டினால் குப்பியைத் தூக்கி ஒதுக்க வேண்டியதுதான். 1996இல் முதன்முதலாகப் போலியோ சொட்டு மருந்துக் குப்பிகளில் வந்த ஏற்பாடு. கொழும்பிலிருந்து சல்லி வரை பட்ட வெயில் முழுவதையும் அந்தப் பொட்டு ஞாபகம் வைத்திருக்கிறது. ஒரே ஒரு குறை, சூட்டைக் காட்டிக் கொடுக்குமே தவிர உறைந்ததைச் சொல்லாது. அதற்குத்தான் ஐயாவின் குலுக்கல்.

ஒன்பது மாதத்துக்காரருக்குச் சின்னமுத்து, கூகைக்கட்டு, ஜேர்மன் சின்னமுத்து மூன்றுக்குமான ஊசி. தூளாக வரும், அதற்கென்றே வந்த கரைசலில் கலக்க வேண்டும். கலந்தபின் ஆறு மணித்தியாலம்தான் வாழ்வு, அல்லது கிளினிக் முடியும் மட்டும், எது முந்தியோ அது. மிச்சத்தை நாளைக்கென்று வைக்க முடியாது. ஊசி போட்டதும் தாய்மார் 20 நிமிடம் இருந்துவிட்டுத்தான் போக வேண்டும். ஒரு தாய் பன்னிரண்டாவது நிமிடத்தில் செருப்பைத் தேடினா. அக்கா இங்கிருந்து ஒரு பார்வை பார்த்தா. செருப்பு திரும்பவும் கழன்றது.

சல்லியில் சின்னமுத்து என்று வாயெடுக்கும்போதே அம்மனும் வந்துவிடுகிறா. முத்துமாரி என்ற பெயரில் இருக்கும் முத்தும் அதுதானே. பிள்ளைக்கு உடம்பில் எழும்பினால் "அம்மாள் வருத்தம்" என்போம், வேப்பிலை வைப்போம், வீட்டில் மச்சம் சமைக்கமாட்டோம். படித்தவர்கள் சிலர் இதை ஊசிக்கு எதிரி என்று எழுதுவார்கள். இங்கே நான் கண்டது வேறு. கோயிலில் நேர்த்தி வைத்துவிட்டுக் கிளினிக்குக்கும் வந்து வரிசையில் நிற்கிறார்கள். இலங்கையின் தடுப்பூசிக் கணக்கு வெளிநாட்டாரை மூக்கில் விரல் வைக்க வைப்பது இதனால்தான். உலக சுகாதார அமைப்பும் யுனிசெஃப்பும் 2019க்குப் போட்ட மதிப்பீட்டில் தொண்டைக்கரப்பன், குக்கல், ஏற்புவலி மூன்றுக்குமான முக்கூட்டு ஊசியின் மூன்றாம் டோஸ் பெற்ற பிள்ளைகள் 99 வீதம். போர் நடந்தபோதே 1995இல் தொடங்கிய போலியோ நாட்களில் இரு பக்கமும் சண்டையை நிறுத்திச் சொட்டு மருந்துக்கு வழிவிட்ட நாடு இது. கடைசிப் போலியோ நோயாளி 1993இல். சின்னமுத்து இல்லாத நாடு என்று 2019இல் சான்றும் வாங்கினோம். 2023இல் அது மறுபடி வந்து, ஊசி தவறிய பெரியவர்களையும் சேர்த்துப் பிடித்தது வேறு கதை.

உண்மையான திரைமறைவு வேலை கிளினிக் மூடியபின்தான் தொடங்குகிறது. அன்று பின்னேரம் ஆறு மணிக்கு நான் மறுபடி கவுண்டருக்குப் பின்னால், இம்முறை கையைக் கட்டிக்கொண்டு.

ஆறே காலுக்கு முதல் தகப்பன். மோட்டார் சைக்கிளை நிறுத்தாமலே, "ஐயா, பிள்ளைக்கு ஊசி போட்டது, காய்ச்சல் காயுது, பாணி தாங்கோ."

"பிள்ளை எத்தனை கிலோ?"

"நாலு மாசம் ஐயா."

"மாசம் கேக்கேல்லை தம்பி. எத்தனை கிலோ?"

தம்பிக்குத் தெரியவில்லை. மோட்டார் சைக்கிள் நின்றது. மனைவிக்குப் போன். போனில் கொப்பியைத் தேடும் சத்தம், பிள்ளை வீரிடும் சத்தம், மாமியார் ஏசும் சத்தம். கடைசியில் வந்தது: ஆறு கிலோ. ஐயா துண்டுத் தாளில் கணக்குப் போட்டார். ஒரு கிலோவுக்குப் 15 மில்லிகிராம் என்று ஆறு கிலோவுக்கு 90. பாணியில் ஐந்து மில்லிலீற்றருக்கு 120. அப்படியென்றால் மூன்றே முக்கால் மில்லிலீற்றர். ஊசி இல்லாத சிரிஞ்சில் அந்த இடத்தில் பேனையால் ஒரு கோடு கீறிக் கொடுத்தார். "இந்தக் கோடு மட்டும். ஆறு மணித்தியாலத்துக்கு ஒருக்கா. குசினிக் கரண்டியால குடுக்கவேண்டாம்."

கரண்டிக்கு ஏன் இவ்வளவு வெறுப்பு? தம்பி போனதும் ஐயா லாச்சியைத் திறந்தார். உள்ளே தேக்கரண்டிகள்! ஊர்ச் சனம் வீட்டிலிருந்து கொண்டு வந்து காட்டியவையாம். சிரிஞ்சால் தண்ணீர் விட்டு ஒவ்வொன்றாக அளந்து காட்டினார். ஒன்று மூன்று மில்லிலீற்றரில் வழிந்தது. இன்னொன்று ஆறு தாண்டியும் கொண்டது. இரண்டுக்கும் பெயர் தேக்கரண்டி! நான் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக என் குசினிக் கரண்டிகளை அளந்தேன். முடிவைச் சொல்ல மாட்டேன்.

அன்று பின்னேரம் மட்டும் ஊசிப் பிள்ளைகளுக்காக நான்கு பேர் வந்தார்கள். ஒருத்தி, ஊசி போட்ட இடம் வீங்கியிருக்கு, மஞ்சள் போடலாமா என்றாள். "ஒண்டும் போடாதேங்கோ, தேய்க்காதேங்கோ, குளிர்ந்த துணியை வைச்சு எடுங்கோ." இன்னொருத்தி, பிள்ளை மூன்று மணித்தியாலத்துக்கு மேல் விடாமல் அழுகிறது என்றாள். ஐயா பாணி கொடுக்கவில்லை. கணக்கும் போடவில்லை. "இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ. கொப்பியையும் எடுங்கோ" என்று ஓட்டோவைக் கூப்பிட்டு ஏற்றிவிட்டார். அதன்பிறகு கொஞ்ச நேரம் அவர் ஒன்றும் கதைக்கவில்லை. நானும்தான்.

ஏழு மணிபோல ஒரு பொடியன், பத்து வயதிருக்கும், கணுக்காலில் நாய்க்கடி. தாய் காயத்தில் கோப்பித்தூள் வைத்து அமத்தியிருந்தா. கட்டுப்போடத் துணி கேட்டு வந்தவ. ஐயா இராக்கையிலிருந்து எடுத்தது ஒரு கட்டிச் சவர்க்காரம். பின்பக்கக் குழாயடியில் பொடியனை இருத்தி, தண்ணீரைத் திறந்துவிட்டு, 15 நிமிடம். கோப்பித்தூள் முழுக்கப் போகும் வரைக்கும், பிறகும். மணிக்கூட்டைப் பார்த்தபடி நிற்கும் வேலை எனக்கு. கட்டுப் போடவில்லை. நேரே அரசாங்க ஆஸ்பத்திரி, அங்கே விசர்நாய்க்கடித் தடுப்பூசி இலவசம். சவர்க்காரத்துக்குக் காசும் வாங்கவில்லை. "அந்தப் பதினஞ்சு நிமிசம் இல்லாட்டி, பிறகு போடுற ஊசிக்கு வேலை கூடிப்போகும்" என்றார்.

தடுப்பூசியில் பாமசிக்காரருக்கு என்ன வேலை என்று கேட்டுப் போன எனக்கு, குறிப்புக் கொப்பியில் மூன்று பக்கம் நிறைந்துவிட்டது. இவ்வளவும் ஊசியைத் தொடாமலே!

இனி அந்தக் கேள்வியையும் கேட்டுவிடுவோம். தொட்டால் என்ன? சல்லியில் ஒரு பெரியம்மா கனடாவில் மகளிடம் போய்வந்தவ. ஸ்காபரோவில் மகள் கூட்டிக்கொண்டு போய்ப் பாமசியில் இருத்த, மருந்து தரும் பொடியனே வந்து கையில் ஊசியைப் போட்டுவிட்டானாம். "டொக்டரும் இல்லை, மிஸ்ஸியும் இல்லை. பனடோல் விக்கிற பொடியன்! அதுவும் எங்கட தமிழ்ப் பொடியன்!" என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிகிறா. ஒன்ராறியோவில் 2012இலிருந்து மருந்தாளர் இன்ஃபுளுவென்சா ஊசி போடுகிறார்கள். அயர்லாந்தில் 2011. இங்கிலாந்தில் 2015இலிருந்து நாடு முழுவதற்குமான சேவை. அமெரிக்காவில் 1990களில் தொடங்கி, 2009க்குள் ஐம்பது மாநிலங்களிலும் வந்துவிட்டது. டொக்டர் தொலைவில், பாமசி பக்கத்தில் இருக்கும் நாட்டுப்புறங்களுக்கு அது பெரிய உதவி.

ஐயாவிடம் சொன்னேன். சிரித்தார். "எனக்குக் கை நடுங்கும் மகள்."

என் கருத்தைச் சொல்கிறேன், ஐயாவினது அல்ல. பிள்ளைகளின் ஊசியைக் கிளினிக்கிலிருந்து எடுத்துப் பாமசிக்குக் கொடுக்கச் சொல்பவர்கள் சல்லிக் கிளினிக் முற்றத்தில் ஒரு காலை நின்று பார்க்கவில்லை. அங்கே ஊசியோடு சேர்ந்து பிள்ளையின் நிறை பார்க்கிறார்கள், தாயின் முகம் பார்க்கிறார்கள். வராத பிள்ளையின் வீட்டுக் கதவை மிட்வைஃப் அக்கா அடுத்த நாள் தட்டுகிறா. அது ஓடுகிற வண்டி, சில்லைக் கழற்றாதீர்கள். ஆனால் பெரியவர்களுக்கு இங்கே அப்படி ஒரு வண்டியே இல்லை. நீரிழிவோடும் இழுப்போடும் மாதா மாதம் பாமசிக்கு வரும் வயதான சம்மாட்டிக்கு இன்ஃபுளுவென்சா ஊசி வேண்டுமென்றால், துண்டு எடுத்து, மருந்து வாங்கி, என்னைப்போல ஐஸில் புதைத்து, டொக்டரைத் தேடிப் போக வேண்டும். இலங்கை மருத்துவ சபையில் பதிவு பெற்ற, பயிற்சி எடுத்த மருந்தாளர், ஒவ்வாமை வந்தால் கொடுக்க அட்ரினலின், இருந்து பார்க்க 20 நிமிடத்துக்கு ஒரு கதிரை, கிளினிக்குக்குப் போகும் ஒரு பதிவு: இவை இருக்கும் பாமசியில் பெரியவர்களின் ஊசியையாவது போட அனுமதிக்கலாம். 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையை அமைத்து, பாமசிகளுக்கு உரிமமும் விதியும் வைத்திருக்கிறது. அந்த விதிகள் எழுத்தில் மட்டும் இருக்கும் பாமசிகளும் உண்டு, மருந்தாளரின் சான்றிதழ் சுவரில் தொங்கும், ஆள் இருக்கமாட்டார். அப்படிப்பட்ட இடத்தில் ஊசியைக் கொடுக்கிறதை விட மீன் வாடியில் கொடுக்கலாம், அங்கே ஐஸாவது இருக்கும்.

ஒன்பது மணிக்கு ஐயா கடைசியாகப் பிரிட்ஜைப் பார்த்தார். கதவைத் திறக்கவில்லை, வெளியே தொங்கும் வெப்பமானியைத்தான். 5. கட்டத்தில் எழுதிக் கையெழுத்து வைக்கப் போனவர், பேனையை என்னிடம் நீட்டினார். அந்த மாதத் தாளில் ஒரு கட்டத்தில் என் கையெழுத்து இருக்கிறது. பரீட்சைச் சான்றிதழ் வாங்கிய நாளில்கூட நான் இப்படிப் பல்லைக் காட்டியதில்லை.

பிள்ளைக்கு ஊசி போட்ட நாளில் பாமசிக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: கிளினிக் கொப்பியைக் கையோடு கொண்டு போங்கள். கடைசியாக நிறுத்த நிறை அதில் இருக்கிறது, முதல் கேள்வியே அதுதான்.